தொண்ணூறு விநாடி

என் நாத்தனாருக்கு அவள் வேலை பார்த்த இடத்தில் வைத்திருந்த பெயர் கிராம். பேட்டரியில் பறக்கிற விமானம் செய்யும் கம்பெனி அது. அங்கே எடைதான் எல்லோருக்கும் பொது எதிரி. ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டையின் வால் அரை விரல் நீண்டிருந்தால்கூட இவள் அதை நறுக்கித் தராசில் போடுவாள். "இந்த மாதிரி ரெண்டாயிரம் இருக்கு உள்ள" என்பாள். அவள் வருவது தெரிந்தால், "கிராம் வருது, சட்டைப் பையில இருக்கிற சில்லறையை எடுத்து வெளிய வைங்க" என்று விமானத்துக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் குரல் கொடுப்பார்களாம். அவளுக்குக் கிண்டல் பிடிக்கும். பதிலுக்கு ஒன்று சொல்லத்தான் வராது. இரண்டு நாள் கழித்து வீட்டில் வந்து, "அன்னைக்கு நான் இப்படிச் சொல்லியிருக்கணும் அண்ணி" என்பாள்.

அவளுடைய அண்ணனைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். அவருக்குப் பத்தொன்பது வயதும் அவளுக்குப் பதினொன்றும் இருந்தபோது ஒரு சாலை விபத்தில் அப்பாவும் அம்மாவும் ஒன்றாகப் போய்விட்டார்கள். அவர் படிப்பை விட்டுவிட்டுப் படகுப் பட்டறையில் ஃபைபர் வேலைக்குப் போனார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தங்கையைப் படிக்கவைத்தார். என்னிடம் பேச வந்தபோது அவர் சொன்ன ஒரே விஷயம், "தங்கச்சி படிச்சு முடிக்கிற வரைக்கும் நம்மளோடதான் இருப்பா. அதுல மட்டும் பேச்சுக்கு இடமில்ல." அப்போது அவளுக்குப் பதினெட்டு. எனக்கும் அவளுக்கும் ஆறே வயது வித்தியாசம். பாத்திரம் கழுவுவதில் சண்டை போட்டுக்கொண்டுதான் நாங்கள் பழகினோம்.

கல்லூரிக் கடைசி வருஷத்தில் அவள் ஒரு சிறிய விமானம் செய்ய வேண்டியிருந்தது. மோட்டாரையும் பேட்டரியையும் அவள் பார்த்துக்கொண்டாள். இரண்டு மீட்டர் நீள இறக்கையை எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து அவர் செய்தார். ஒரு மாதம் வீடு முழுக்கப் பிசின் நாற்றம். நான் ஜன்னலைத் திறந்து வைத்ததால் தூசி விழுந்துவிட்டதாக அண்ணனும் தங்கையும் சேர்ந்துகொண்டு என்னை முறைத்தார்கள். அந்த விமானம் பதினொரு நிமிஷம் பறந்தது. பார்க்க வந்திருந்த ஒருவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மோட்டார் பரவாயில்ல. இறக்கை யார் பண்ணது?" என்று கேட்டாராம். பேட்டரி விமானக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் அவர். அங்கே எல்லோரும் அவரைச் சீஃப் என்பார்கள். அவளை உடனே வேலைக்கு எடுத்தார். ஒரு வருஷம் கழித்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனாள். அவள் "அண்ணா, அண்ணா" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வயதில் மூத்த சீஃப் உட்பட அங்கே எல்லோருக்கும் என் வீட்டுக்காரர் அண்ணனாகிப் போனார்.

ஊர் ஓரத்தில், பழைய விமான நிலையத்தை ஒட்டிய இடம். ஓடுதளத்தின் இந்தப் பக்கம் பெரிய தகரக் கொட்டகை, அதில்தான் விமானம் நிற்கும். அதற்கு இடதுபுறம் இறக்கைப் பட்டறை. வலதுபுறம் தனியாக, தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவுமாகப் பேட்டரி சோதனை அறை. தீப்பிடித்தால் மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று அதைத் தள்ளிக் கட்டியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே நடந்தால் நூற்றுப் பத்து அடி இருக்கும். மதியம் சாப்பாட்டுக்கு அவர்தான் அவள் பக்கம் போவார். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

அவர்கள் செய்தது ஒன்பது பேர் உட்காரும் விமானம். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தீவுகளுக்குப் போக. படகில் மூன்று மணி நேரம், விமானத்தில் இருபது நிமிஷம். "இருபது நிமிஷத்துக்கு எதுக்கு அண்ணி அவ்வளவு எண்ணெயை எரிச்சுப் புகையை மேல விடணும்? இந்தத் தூரத்துக்குப் பேட்டரி போதும். ராத்திரி சார்ஜ் போட்டா காலைல பறக்கலாம்" என்பாள். அவள் அவ்வளவு பேசுவது அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான். தீவில் இருக்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரப் படும் பாட்டை அவள் ஒருமுறை படகில் போய் நேரில் பார்த்துவிட்டு வந்தாள். மருந்துக்கடையில் நிற்கிற எனக்கு அது புதிதில்லை. ஆனால் அவள் சொல்லும்போது, இது நடக்கும் போலிருக்கிறதே என்று எனக்கும் தோன்றும்.

முதல்முறை அது மேலே எழும்பியபோது நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஓட்டியவரைக் கேப்டன் என்பார்கள். பெரிய விமானங்களை ஓட்டி ஓய்வுபெற்றவர், தொப்பை குலுங்கச் சிரிப்பார். ஏறுவதற்கு முன் என் நாத்தனாரைப் பார்த்து, "நீ ஒரு எண்ணைச் சொன்னா நான் நம்புவேன். உனக்கே நம்பிக்கை இல்லாத எண்ணா இருந்தா, அதையும் சொல்லிடணும். அதான் நம்ம ஒப்பந்தம்" என்றார். அவள் தலையாட்டினாள். விமானம் ஒன்பது நிமிஷம் சுற்றிவிட்டு இறங்கியது. சத்தமே இல்லை, ஒரு பெரிய மின்விசிறி ஓடுகிற மாதிரி. என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு இறக்கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழுததை நான் அன்று ஒருநாள்தான் பார்த்திருக்கிறேன். கண்ணில் தூசி என்றார். மகள் நம்பி ஊதிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவளுடைய உண்மையான வேலை தொடங்கியது. புதுப் பேட்டரியில் பறப்பது பெரிய விஷயமில்லை, வருஷக்கணக்கில் பறந்து தேய்ந்த பேட்டரியிலும் பறக்க வேண்டும். அதற்காக அந்தக் கான்கிரீட் அறையில் பதினொரு பேட்டரிப் பெட்டிகளை வைத்து, சார்ஜ் ஏற்றுவதும் இறக்குவதுமாக, இரண்டு வருஷத் தேய்மானத்தை ஏழு மாதத்தில் தேய்த்தாள். தேய்ந்தவற்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சோதித்தாள். அதில் ஒரு சோதனை இருந்தது. விமானம் தீவுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டது, சார்ஜ் அடிமட்டத்தில் இருக்கிறது, தரையைத் தொடப் போகிற நேரத்தில் ஓடுதளத்தில் ஏதோ குறுக்கே வந்துவிட்டது. இறங்காமல் மறுபடி மேலே எழும்ப வேண்டும். அதற்கு மோட்டாருக்கு முழு பலமும் தொண்ணூறு விநாடி கிடைக்க வேண்டும்.

பதினொன்றில் எட்டுப் பெட்டிகள் கொடுத்தன. மூன்று கொடுக்கவில்லை. ஒன்று எழுபத்தொரு விநாடியில் கைவிட்டது. இன்னொன்று அறுபத்தெட்டில்.

அவள் யாரிடமும் சொல்லாமல் சோதனையை மறுபடி செய்தாள். ஒயரை மாற்றினாள், மீட்டரை மாற்றினாள், தன்னையே சந்தேகப்பட்டு இன்னொரு பொறியாளரைச் செய்யச் சொன்னாள். எண் இரண்டு விநாடி அப்படி இப்படி ஆனதே தவிர மாறவில்லை. வீட்டில் தட்டை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் நானே கேட்டேன்.

"சார்ஜ் தீர்ந்துடுதா?"

"தீரல அண்ணி. இருக்கு. தொட்டியில தண்ணி இருக்கு, ஆனா குழாய் உள்ள அடைச்சுக்கிட்டே வருது. மெதுவா திறந்தா வரும். ஒரே நேரத்துல மொத்தமா கேட்டா வரமாட்டேங்குது."

"அப்ப இன்னும் ரெண்டு பெட்டி சேர்த்து வைக்கிறது."

"வைக்கலாம். நாலு சீட்டை எடுத்துட்டா வைக்கலாம்."

சீஃபிடம் சொன்னபோது அவர் அந்த எண்களைக் கடைசிவரை படித்துப் பார்த்தாராம். பிறகு, "நாலு சீட்டை எடுத்தா விமானம் பறக்கும். கம்பெனி பறக்காது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொந்த வீட்டை விற்று அதில் போட்டவர். இரண்டு வாரத்தில் பெரிய முதலீட்டாளர்கள் வருவதாக இருந்தது. அவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்ட வேண்டும். அன்றைக்கு விமானத்தில் இருக்கப்போவது புதுப் பேட்டரி; யாருக்கும் ஆபத்தில்லை. அதனால் ரிப்போர்ட்டை மட்டும் மூன்று வாரம் தள்ளிக் கொடு என்று கேட்டார். அவர்கள் பணம் வந்துவிட்டால், பேட்டரிப் பெட்டிக்குள் அடுக்க இதைவிட நல்ல செல் கண்டுபிடிக்க ஒரு வருஷம் கிடைக்கும் என்றார்.

அவள் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். சீஃப் நேராக இறக்கைப் பட்டறைக்குப் போய், "அண்ணே, உங்க தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் மூன்று பேரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தோம். மகளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பியிருந்தேன். என் வீட்டுக்காரர் மேஜை விளிம்பில் உரிந்திருந்த தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிக்கொண்டே இருந்தார். அது ஒட்டவில்லை.

"மூணு வாரம்தானே குட்டி" என்றார். அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"அவங்க பணம் போடப்போறதே இந்த எண்ணை நம்பித்தான் அண்ணா. பணத்தை வாங்கிட்டுச் சொன்னா அது என்ன?"

"புது செல் வந்துடும்னு சீஃப் சொல்றாரே."

"வரலாம். வராமலும் போகலாம். அதுக்குள்ள முந்நூறு பேரை வேலைக்கு எடுத்திருப்பாங்க. அப்ப சொல்றது இதைவிடக் கஷ்டம். அப்பவும் யாராவது மூணு வாரம்தானேன்னு சொல்லுவாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த மூணு பெட்டி போட்ட விமானம் விழுந்துடும்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "தெரியாது அண்ணி. விழாதுன்னு சொல்லத்தான் என்னால முடியல."

"எண்பது குடும்பம் இருக்கு. உன் அண்ணன் இருக்கார். உனக்காகத்தானே அங்க வந்தார்?"

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். அவள் முகம் சுண்டிப் போயிற்று. என் வீட்டுக்காரர் எழுந்தார். "விடு. அவளுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யட்டும்" என்று எனக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டு வெளியே போனார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அதில் எவ்வளவு வருத்தம் இருந்தது என்று எங்கள் இருவருக்கும் பிறகுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் போயிற்று. விதிப்படி ஒரு பிரதி கேப்டனுக்கும் போக வேண்டும். படித்துவிட்டு அவர் நேராகச் சீஃப் அறைக்குப் போய், இது முதலீட்டாளர்கள் கைக்குப் போகாமல் நான் அவர்களை ஏற்றமாட்டேன் என்றார். போயிற்று. அவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். நேர்மையைப் பாராட்டி ஒரு கடிதம் எழுதினார்கள். பணம் போடவில்லை.

ஐந்து மாதத்தில் கதவை இழுத்து மூடினார்கள். கடைசி வாரத்தில் பேட்டரிகளில் மிச்சமிருந்த சார்ஜை எல்லாம் இறக்கி வெறுமையாக்கும் வேலை அவளுக்கு. இறக்கையைக் கழற்றி மரச்சட்டத்தில் கட்டும் வேலை அவருக்கு. இருவரும் ஒரே இடத்தில் எட்டு நாள் வேலை செய்தார்கள். மதியம் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. அவள் வந்து நின்றாலும், "அந்தக் கயித்தைப் பிடி", "விடு" என்பதற்கு மேல் பேச்சில்லை. இறக்கையை ஏற்றிய லாரி வளைந்து போனபோது அவர் பார்க்கவில்லையாம். கையுறையைக் கழற்றிக்கொண்டு இருந்தார் என்று அவள் சொன்னாள்.

எனக்கு அவள் மேல் இருந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நடந்த விபத்தில் ஒருவரைக் காப்பாற்றினால் ஊரே கொண்டாடும். இவள் தடுத்த விபத்து நடக்கவே இல்லை, அது நடந்திருக்குமா என்றும் யாருக்கும் தெரியாது. கண் முன்னால் தெரிந்ததெல்லாம் வேலை போனதுதான். வேலை போன ஒருவரின் மனைவி கடைக்கு மருந்து வாங்க வந்தவள், "உங்க நாத்தனாருக்கு இப்ப திருப்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்று வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே அவள் முகத்தில் எறிந்தேன். மறுவாரம் அவள், ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேறொரு ஊரில், பேருந்துகளின் பேட்டரியைச் சோதிக்கும் வேலை கிடைத்திருக்கிறது என்று பெட்டியைக் கட்டினாள். அண்ணன் பேருந்து நிலையம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். போனதும் வந்ததும் அவ்வளவுதான். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "பஸ்ல ஜன்னல் ஓரம் இடம் கிடைச்சுது" என்றார்.

அவர் பழைய படகுப் பட்டறைக்கே திரும்பினார். இப்போது ஃபைபர் வேலைக்குச் சின்னவர்கள் வந்துவிட்டதால் அவருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை கொடுத்தார்கள். இருமல் இருந்தது. நான் கேட்டால் தூசி என்பார். காலையில் படியேறி வந்தால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பார். வயதாகிறதோ என்று கேலி செய்தேன். முப்பத்தாறு வயது ஆளை.

அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளாமலே ஒரு வருஷம் ஓடிவிட்டது. அவள் மகளுக்குப் போன் செய்வாள்; மகள் போனை அப்பாவிடம் நீட்டினால் அவர் கையை ஆட்டி, குளிக்கப் போய்விட்டதாகச் சொல்லச் சொல்வார். பிறகு ஒருநாள் சாயங்காலம் அவராகவே போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். கால் மணி நேரம் பேசினார். இறங்கி வரும்போது முகம் தெளிந்திருந்தது. "அடுத்த மாசம் நாலு நாள் வர்றாளாம். அந்த அறையில இருக்கிற சாமானை எடுத்துடு" என்றார்.

அவள் வருவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது, பட்டறையில் ஒரு படகின் உள்பக்கம் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் வெளியே வந்து, தரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்குகிறது என்று சொல்லியிருக்கிறார். தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் சாய்ந்துவிட்டார். நான் கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போனபோது மணி மூன்றேகால். டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் விடியும்போது அவள் வந்து சேர்ந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றாள். நான் அவளைப் பார்த்துச் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "நல்ல வேலையில இருந்த மனுஷனை இந்தப் பெயிண்ட்டுல கொண்டுவந்து தள்ளினது நீதான். வந்து பாரு." வந்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அவள் உள்ளே போய் அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அன்று முழுக்க அங்கேயே இருந்தாள். மகள்தான் போய் அத்தையின் மடியில் படுத்துக்கொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்து அவள் கிளம்பிப் போன பிறகு, அவருடைய வேலைப் பையை எடுத்துக் காலி செய்தேன். பக்கவாட்டு அறையில் மூச்சுக்கு இழுக்கும் இன்ஹேலர்கள் இருந்தன. ஐந்து காலி, ஒன்றில் கொஞ்சம் மிச்சம். தினம் என் கையால் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுக்கிற அதே நீல நிறம். பெட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டு என் கடையுடையது இல்லை. மீன் சந்தைப் பக்கம் இருக்கும் வேறொரு மருந்துக்கடையுடையது. எனக்குத் தெரியக் கூடாது என்று அவ்வளவு தூரம் நடந்து போய் வாங்கியிருக்கிறார்.

சீட்டில் தேதியும் இருந்தது. முதல் பெட்டி விமானக் கம்பெனி மூடுவதற்கு இரண்டு வருஷம் முந்தியது. கூடவே நான்காக மடித்த ஒரு டாக்டர் சீட்டு: பிசினும் பெயிண்ட்டும் இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனரால் வந்த மூச்சிரைப்பு, இந்த வேலையை உடனே விட வேண்டும் என்று எழுதியிருந்தது. அவர் விடவில்லை. இறக்கை முடிய வேண்டும். தங்கை கூட்டிக்கொண்டு வந்த வேலை, தங்கையின் விமானம். சொன்னால் அவளே வேலையை விடச் சொல்லியிருப்பாள். அதனால் எங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆக, நோய் படகுப் பட்டறையில் தொடங்கவில்லை. அவள் எழுதிய ரிப்போர்ட்டால் வரவில்லை. கம்பெனி மூடாமல் இருந்திருந்தால் அவர் அங்கேயே இன்னும் சீக்கிரம் போயிருப்பாரோ என்னவோ.

இதை நான் உடனே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தச் சீட்டைத் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். எட்டு மாதம். ஒருவர் மேல் பழியைப் போட்டுவிட்டால் துக்கத்துக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கிடைத்த மாதிரி இருக்கிறது. அதை இடித்துவிட்டு எங்கே போய் உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வாரம் தவறாமல் மகளுக்குப் போன் செய்தாள். "அண்ணி எப்படி இருக்காங்க?" என்று கேட்பாளாம். நான் பக்கத்திலேயே இருப்பேன்.

கடைசியில், கடையில் ஒருநாள் நீலப் பெட்டி வாங்க வந்தவரிடம், வீட்டில் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். அன்று ராத்திரியே மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பஸ் ஏறி, மறுநாள் காலை அவள் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னலில் காயும் சாக்ஸ். என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு டீ போட்டாள். நான் சீட்டை எடுத்து நீட்டினேன்.

படித்தாள். திரும்பவும் படித்தாள். தேதியைப் பார்த்தாள்.

"உன்மேல தப்பில்ல" என்றேன். "நான் சொன்னதெல்லாம் தப்பு. இதைப் பார்த்து எட்டு மாசமாச்சு. சொல்லாம வச்சிருந்தேன்."

அவள் நிம்மதி அடைவாள், குறைந்தது என் மேல் கோபப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தத் தாளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷமா" என்றாள். "தினம் மதியம் என் பக்கத்துல உட்கார்ந்துதான் அண்ணி சாப்பிட்டான். ஆறாயிரம் செல் இருந்துச்சு அந்த அறையில. ஒவ்வொண்ணும் எவ்வளவு சூடா இருக்குன்னு எனக்குத் தெரியும். இவன் மூச்சு வாங்கறது தெரியல."

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? நான் மருந்துக்கடையில நிக்கிறவ."

"போன்ல இருமினான். என்னண்ணான்னு கேட்டேன். தூசின்னான்."

"எனக்கும் அதான் சொன்னார்."

"அன்னைக்கு என்ன பேசினான் தெரியுமா? ரிப்போர்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஒரு படகுக்கு என்ன கலர் அடிக்கலாம்னு கேட்டான். நீலமா பச்சையான்னு. நான் பச்சைன்னேன். சரின்னான்." அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள். அவர் போய் எட்டு மாதத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான். டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். நாங்கள் பேசிக்கொள்கிறோம். மகளின் பள்ளிக்கூடம், வீட்டுக் கூரை ஒழுகுவது, அவளுடைய பல்வலி. அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டு பேரில் ஒருவர் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். மாப்பிள்ளை பார்க்கட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "இப்ப வேண்டாம் அண்ணி" என்றாள். அந்த 'இப்ப' இரண்டு வருஷமாக நடக்கிறது.

போன வருஷம் கேப்டன் அவளைக் கூப்பிட்டார். வடக்கே ஒரு சின்னக் கம்பெனி, ஐந்தே பேர் உட்காரும் பேட்டரி விமானம் செய்கிறார்களாம். புதுமாதிரி செல். பேட்டரி சோதனைக்கு ஆள் வேண்டும். அவள் பத்து நாள் யோசித்தாள். எனக்குப் போன் செய்து, "போகட்டுமா?" என்று கேட்டாள். என்னைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. "போ" என்றேன். போனாள். சேர்ந்த முதல் வாரம் பேட்டரி அறைக்குப் போகாமல் இறக்கைப் பட்டறையில் போய் நின்று, ஒவ்வொருவர் முகமூடியையும் இழுத்து இழுத்துப் பார்த்தாளாம். அங்கே இருந்தவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்ததாகக் கேப்டன் சொன்னார். அந்த விமானம் இன்னும் பறக்கவில்லை. பறக்குமா என்று கேட்டால், எண் வரட்டும் என்கிறாள். முப்பத்தொரு வயதில் முன்பக்கத்தில் ஒரு கொத்து நரைத்துவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு முற்பகல். கடையில் கூட்டம். கவுன்ட்டரில் இருக்கும் போன் அடித்தது. எடுத்தேன். அந்தக் கம்பெனியின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண். "அவளுக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"பயப்படாதீங்க மேடம். சும்மா சரிபார்க்கத்தான் கூப்பிட்டேன். சோதனை அறையில வேலை செய்றவங்க எல்லாரும் அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டியவங்க யாருன்னு எழுதிக் கொடுக்கணும். அவங்க உங்க நம்பரைக் கொடுத்திருக்காங்க. அண்ணின்னு போட்டிருக்கு. ரத்த உறவு யாரும் இல்லையான்னு கேட்டோம். இவங்கதான், இவங்களுக்கே சொல்லுங்கன்னாங்க. உங்களுக்குச் சம்மதம்தானே?"

எதிரே ஒரு பெரியவர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

"சம்மதம்தான்" என்றேன். "இது கடை நம்பர். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. வீட்டு நம்பரையும் எழுதிக்கோங்க."